அவிழும் பசை, கரையும் மெருகு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால், பல வீடுகளின் உள்கட்டுகள் அப்படியே வாசலுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். எனாமல் தூக்குகள், ரசம் போன கண்ணாடிகள், மரப்பாச்சிகள், கதவு நிலைகள், பர்மாவிலிருந்து வந்த அரக்குக் கூடைகள். பங்காளிகள் பாகம் பிரித்தபோதும் பெரிய வீடுகள் இடிபட்டபோதும் வெளியேறிய பொருள்கள் அவை. அந்தத் தெருவில்தான் அந்தக் கணக்கப்பிள்ளை மேசையைப் பார்த்தேன். தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கான குட்டை மேசை. சாய்ந்த மூடி, அதைத் தூக்கினால் பேரேடு வைக்கும் அறை, மேல் விளிம்பில் பேனாவுக்கென்று குடைந்த பள்ளம். முழுவதும் பச்சை எனாமல் பெயிண்ட் பூசியிருந்தார்கள். ஒரு மூலையில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் மட்டும் தேன் நிறத்தில் ஏதோ மினுங்கியது. அந்த மினுக்கத்துக்காகத்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த அன்றே உப்புத்தாளைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் தேய்த்திருப்பேன். தரையெல்லாம் பச்சைத் தூள். பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி, அந்த வழியாகப் போனவர், நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. “உப்புத்தாளைக் கீழ போடுங்க தம்பி. அது மேல என்ன இருக்கு, அடியில என்ன இருக்குன்னு மொதல்ல பார்ப்போம்” என்றார். மேசையைக் கவிழ்த்தார். யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில், பெயிண்ட் எட்டாத ஓரிடத்தில், ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு விரலால் தொட்டார். அரை நிமிடத்தில் அந்த இடம் பிசுபிசுத்தது. “அரக்கு” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை வேதியியல் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மரச்சாமான்களின் மேற்பூச்சை அடையாளம் காண இதைவிட எளிய சோதனை கிடையாது. ஸ்பிரிட்டில் இளகினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியூரித்தேன், எனாமல், அல்லது நன்றாக இறுகிய எண்ணெய் வார்னிஷ். கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கும் உதவும்: இருட்டில் அதை அடித்தால் அரக்கு பூசிய பரப்பு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அருங்காட்சியகங்களில் பழுதுபார்ப்பவர்களும் இதே விளக்கோடுதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

அரக்கு என்றதும் நமக்கு மகாபாரதத்து அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். பாண்டவர்களை எரிப்பதற்காகக் கட்டிய அந்த மாளிகைக்கு அரக்கைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானதுதான். அது எளிதில் உருகும், நன்றாக எரியும். அதைச் செய்வது ஒரு பூச்சி. கெரியா லாக்கா என்பது அதன் அறிவியல் பெயர். கடுகைவிடச் சிறிய அதன் குஞ்சுகள் பலாசம், இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஊர்ந்துபோய் நெருக்கமாக உட்காரும். உறிஞ்சுகுழலைப் பட்டைக்குள் செருகி மரத்தின் சாற்றைக் குடித்துக்கொண்டே, உடலின் சுரப்பிகள் வழியாக ஒரு பிசினை வெளியேற்றும். அந்தப் பிசின் இறுகி, ஒவ்வொரு பூச்சியையும் சுற்றி ஒரு கூடாகிவிடும். பெண்பூச்சி அதன் பிறகு எங்கும் நகர்வதில்லை. கால்களையும் இழந்து, அந்தக் கூட்டுக்குள்ளேயே முட்டையிட்டு மடிகிறது. அதன் வீடும் அரண்மனையும் சமாதியும் அதுவே. நாம் மேசைக்குப் பூசுவது அந்தக் கூட்டைத்தான்.

கிளையோடு வெட்டி, சுரண்டி, நொறுக்கி, தண்ணீரில் அலசினால் ஒரு சிவப்புச் சாயம் பிரியும். பெண்கள் பாதத்தில் இட்ட அலத்தகத்துக்கு ஆன சிவப்பு அது. மிஞ்சும் மணிகளை நீளமான துணிப்பைக்குள் நிரப்பி, கரி அடுப்பின் முன்னால் காட்டி முறுக்கினால் உருகிய பிசின் துணி வழியே கசியும். அதைச் சூடு ஆறுமுன் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து இழுத்து அகன்ற தாளாக விரிப்பார்கள். ஆறியதும் நொறுக்கினால் அப்பளத் துண்டுபோல் மெல்லிய செதில்கள் கிடைக்கும். இந்தியாவில் அரக்கின் தாயகம் ஜார்க்கண்டும் அதைச் சுற்றிய காட்டுப் பகுதிகளும். 1924இலேயே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் இதற்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். காரணம் இருந்தது. வினைல் வருவதற்கு முன் உலகத்தின் இசைத்தட்டுகள் அரக்கில்தான் வார்க்கப்பட்டன. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பூச்சியின் கூட்டில் கீறிய தடங்களாகத்தான். இன்றும் மாத்திரைகளின் மேலும் மிட்டாய்களின் மேலும் உள்ள பளபளப்பு பல வேளைகளில் இதே அரக்கு.

மேசைக்கு வருவோம். பூசியது எதுவாக இருந்தாலும் காய்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆனால் காய்வதில் இரண்டு வகை உண்டு, பழைய சாமானைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் அது. கல்கண்டு காய்வது ஒரு வகை: தண்ணீர் போய்விட்டது, சர்க்கரை மிஞ்சியிருக்கிறது, மறுபடி தண்ணீரில் போட்டால் கரையும். முட்டை வெந்து இறுகுவது இன்னொரு வகை: மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன, என்ன செய்தாலும் பச்சை முட்டையாகத் திரும்பாது. அரக்கு முதல் வகை. அதில் இருக்கும் அலூரிட்டிக் அமிலம் முதலான சேர்மங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பது பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகளால்தான். ஆல்கஹால் உள்ளே நுழைந்தால் அந்தப் பிடி தளர்ந்து, அரக்கு மீண்டும் திரவமாகிவிடும். எனாமலும் பாலியூரித்தேனும் இரண்டாம் வகை. அவை இறுகும்போது பரப்பு முழுவதும் ஒரே வலையாகப் பின்னிக்கொள்கின்றன.

இதன் விளைவு பெரிது. எனாமல் பூசிய மேசையில் கீறல் விழுந்தால், மேலே பூசும் புதுப் பூச்சு பழையதன் மேல் ஒரு தனிப் படலமாகத்தான் உட்காரும். எல்லை தெரியும், நாளடைவில் உரியும். அரக்குப் பூசிய மேசையில் கீறல் விழுந்தால், புதிய அரக்கிலுள்ள ஸ்பிரிட் பழைய அரக்கின் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கிவிடும். பழையதும் புதியதும் கலந்து ஒரே படலமாகின்றன. நூறு ஆண்டுக்கு முந்தைய மெருகும் நேற்றுப் போட்ட மெருகும் சேர்ந்து ஒன்றாவது இதனால்தான். ஆனால் பழைய அரக்கு அவ்வளவு சுலபமாக இளகாது. பல பத்தாண்டுகள் கழிந்தால் அரக்கும் தனக்குள் மெல்ல மெல்லப் பின்னிக்கொள்ளும். அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

பழைய மரச்சாமானுக்கு அதைச் செய்தவர்கள் தந்த மிகப் பெரிய கொடை, அதைத் திரும்ப அவிழ்க்கலாம் என்பதுதான் என்று நான் நம்புகிறேன். அழகைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இந்தக் குணத்தைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

பசையிலும் இதே கதைதான். ஆசாரி மேசையின் ஒரு காலை ஆட்டிப் பார்த்தார். ஆடியது. எனக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கோ மகிழ்ச்சி. “வஜ்ஜிரம் போட்டிருக்காங்க. நல்லதாப் போச்சு” என்றார். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. பழைய எகிப்தின் தச்சர்களே பயன்படுத்தியது. ஆட்டுக்கால் சூப்பை இரவில் வைத்துவிட்டால் காலையில் கட்டியாக உறைந்திருக்குமே, அதே வேதியியல்தான். விலங்குகளின் உடலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரியாக முறுக்கிய கயிறு போன்றது. வெந்நீரில் அந்த முறுக்கு அவிழும். ஆறும்போது புரிகள் மறுபடியும் அங்கங்கே முறுக்கிக்கொள்ளும்; தண்ணீர் வற்ற வற்ற இரண்டு மரத்துண்டுகளையும் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும். மீண்டும் சூடும் ஈரமும் காட்டினால் மீண்டும் அவிழும்.

ஆசாரி வெந்நீரில் தோய்த்த துணியைக் கழுந்தைச் சுற்றிக் கட்டினார். இடையிடையே துணியை மாற்றினார். முக்கால் மணி நேரத்தில் கால் தனியே வந்தது, மரத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல். பழைய வஜ்ஜிரத்தை முழுக்கச் சுரண்டாமல், அதன் மேலேயே புது வஜ்ஜிரத்தைச் சூடாக இட்டுப் பொருத்தினார். அரக்கைப்போல இதுவும் தன் பழைய உருவத்தோடு கலந்துவிடும். நாம் இன்று வீட்டில் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வலுவானது, வசதியானது. ஆனால் காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. எப்பாக்ஸி பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் ஒட்டிய நாற்காலியின் மேல் யாராவது தடாலென்று உட்கார்ந்தால், பசை விடாது, மரம்தான் முறியும். வஜ்ஜிரம் ஒட்டிய நாற்காலியில் மரம் முறிவதற்குமுன் பசை விட்டுக்கொடுக்கும். வயலின் செய்பவர்கள் இன்றைக்கும் வஜ்ஜிரத்தைக் கைவிடாததற்குக் காரணம் இதுதான்: என்றாவது ஒருநாள் அந்த வயலினைத் திறக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மேசையின் மூடியில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு இருந்தது. நான் அதைப் பழமையின் சுருக்கம் என்று நினைத்தேன். உண்மையில் அது ஒரு கொலைக்கான தடயம்போல இருந்தது. குற்றவாளி மூடியின் அடியிலேயே இருந்தான். பின்னால் வந்த யாரோ மூடி வளைகிறது என்று நினைத்து, குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து ஆறு இரும்பு ஆணிகளை அடித்திருக்கிறார்கள்.

மரம் வெட்டிய பிறகும் மூச்சுவிடுகிறது என்பார்கள். அது வெறும் கவிதையல்ல, அளந்து சொல்லக்கூடியது. காற்றிலுள்ள ஈரத்தை மரம் எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். ஈரப்பதம் 80 சதவீதம் உள்ள மழைக்காலக் காற்றில் மரத்துக்குள் அதன் உலர்ந்த எடையில் 16 சதவீதம் அளவுக்கு நீர் இருக்கும். குளிர்சாதன அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கினால் அது 8 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். இந்த நீர் நார்களின் சுவருக்குள் இருப்பது. அது போனால் சுவர் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அகலவாக்கில்தான் எல்லாம். தேக்கு, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். மற்ற பல மரங்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வளையத்தின் போக்கில் அறுத்த 40 சென்டிமீட்டர் அகலப் பலகை, மழைக்கால வராந்தாவிலிருந்து குளிர்சாதன அறைக்குள் போனால் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஒடுங்க முயலும். குறுக்குச் சட்டத்தின் நார்களோ அந்த அகலத்தின் போக்கிலேயே நீளமாக ஓடுகின்றன, அது ஒடுங்காது. நடுவில் ஆறு ஆணிகள். பலகைக்கு வேறு வழி என்ன? அது பிளந்தது.

மேசையைச் செய்தவருக்கு இது தெரிந்திருந்தது. அவர் மூடியின் இரு முனைகளிலும் ஒரு குறுக்குக் கட்டையில் காடி வெட்டி, பலகையை அதற்குள் செருகியிருந்தார். நடுவில் மட்டும் ஒரு முளை. பலகை இரண்டு பக்கமும் தாராளமாக ஊர்ந்துகொள்ளலாம். பழைய கதவுகளின் தளங்கள் சட்டத்துக்குள் ஒட்டாமல் சும்மா செருகியிருப்பதும் இதற்காகத்தான். அவை லேசாக ஆடும்போது, தளர்ந்துவிட்டதே என்று ஓரமெல்லாம் பசையை ஊற்றி நிரப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த ஆட்டம் தச்சர் அளந்து விட்டுவைத்த இடம்.

சட்டத்தைக் கழற்றியபோது ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மரத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். இதை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் இதற்குத் திரும்புவேன்.

இப்போது அந்தப் பச்சை. நான் வருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதி இது. உலர்ந்த உப்புத்தாளை வைத்து நான் கிளப்பிய அந்தத் தூளில் என்ன இருந்திருக்கும்? பழைய காலத்துப் பச்சைப் பெயிண்ட்களில் பரவலானது குரோம் பச்சை. அது தனி நிறமியல்ல. பிரஷ்யன் நீலத்தோடு குரோம் மஞ்சளைக் கலந்து செய்வது. குரோம் மஞ்சள் என்பது லெட் குரோமேட், அதாவது ஈயமும் குரோமியமும் சேர்ந்த உப்பு. வெள்ளையில் ஈயக் கார்பனேட், துருத்தடுப்புச் சிவப்பில் ஈயச் செந்தூரம், சீக்கிரம் காய்வதற்குச் சேர்க்கும் உலர்த்திகளிலும் ஈயம். நல்ல மூடுதிறன், நல்ல உழைப்பு, அதனால் உலகமே பூசியது. அதன் கெடுதல் தெரியாமலும் இல்லை. பெயிண்டர்களை வெள்ளை ஈயத்திலிருந்து காக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தது. இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்ட்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆக, அதற்கு முன் பூசிய எந்தப் பெயிண்டையும் ஈயம் உள்ளதாகவே எண்ணிக் கையாள்வது நல்லது.

ஈயம் உடலுக்குள் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கும். வளரும் மூளையைத்தான் அது மிகவும் பாதிக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் உலகச் சுகாதார நிறுவனம் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தைகள் தவழும் தரையில் அந்தத் தூளைப் பரப்புவதைவிட, பெயிண்ட் போகாமல் இருப்பதே மேல். நான் அன்று தரையை மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தேன். துணிகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். பெயிண்டை நெருப்பால் கருக்கி உரிப்பதும் தவறு. அந்தச் சூட்டில் ஈயம் புகையாகி மூச்சில் ஏறும். பெயிண்ட் நீக்கும் திரவங்களில் டைகுளோரோமீத்தேன் கலந்தவை உண்டு. மூடிய அறையில் அதன் ஆவியை இழுத்தால் உடல் அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றும், உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் 2019இல் அதைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள்.

ஆசாரி சொன்ன வழி வேறு. பெயிண்ட் பெயர்ந்த விளிம்புகளில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து, ஆவியாகாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். முற்றத்தில், நிழலில், அடுப்பும் பீடியும் இல்லாத தூரத்தில், கையுறை போட்டுக்கொண்டு. ஸ்பிரிட் எனாமலை ஒன்றும் செய்யவில்லை. அது விளிம்பின் வழியே அடியில் புகுந்து, எனாமலுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த பழைய அரக்கை இளக்கியது. அரை மணி கழித்து அகப்பையின் மழுங்கிய முனையால் நெம்பினார்; பச்சை, அட்டை அட்டையாக, ஈரமாக, தூளே இல்லாமல் எழும்பி வந்தது. ஐந்து நாள் ஆனது. என்றோ ஒரு மெருகுக்காரர் பூசிய அந்த மெல்லிய படலம், பின்னால் வந்த கரையாத பெயிண்டையும் கழற்றிவிட வழி வைத்திருந்தது.

அடியில் இருந்தது பர்மா தேக்கு. செட்டிநாட்டு வீடுகளின் தூணும் உத்தரமும் கதவும் ஐராவதி வழியே மிதந்து கடலைத் தாண்டி வந்த காலத்தின் மரம். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும் அந்தப் போக்குவரத்து அறுந்தது. தேக்கு என்ற நம் சொல்தான் போர்த்துக்கீசியர் வாயில் தேக்கா ஆகி, ஆங்கிலத்தில் டீக் ஆனது. அறிவியல் பெயரிலுள்ள டெக்டோனாவிலும் அதன் சாயல் இருக்கிறது. அதன் வைரத்துக்குள் டெக்டோகுயினோன் என்ற சேர்மம் உண்டு, கரையானுக்கு ஆகாதது. இயற்கை ரப்பரும் உண்டு. அதனால்தான் தேக்கு தொட்டால் மெழுகுபோல் வழவழக்கும், தண்ணீரைத் தள்ளும். சிலிக்காவும் உண்டு, இழைப்புளியின் அலகு சீக்கிரம் மழுங்குவது அதனால். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் வைரத்துக்குத்தான். வெளிறிய வெள்ளைப் பகுதியைப் பூச்சி விடாது. வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: துளைப்பான் வண்டு வெளியேறும் ஓட்டைகள் சின்னஞ்சிறு வட்டங்களாக இருக்க வேண்டும். மேற்பரப்பிலேயே வாய்க்கால்போல் நீளத் தடங்கள் ஓடினால், பூச்சி அரித்த பழைய மரத்தைப் பின்னால் அறுத்துப் புதிதாகச் செய்த சாமான் அது. கடைசல் பிடித்த கால்களைக் காலிப்பரால் அளந்து பார்ப்பதும் உண்டு. இரு திசைகளில் சுருக்கம் வேறுபடுவதால், வட்டமாகக் கடைந்த கால் பல ஆண்டுகளில் மெல்லிய நீள்வட்டமாகிவிடும். அந்த நீள்வட்டத்தை எளிதில் போலியாகச் செய்ய முடியாது.

சிலர் பழைய மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். முதல் நாள் பளபளக்கும், ஒரு மாதத்தில் பிசுக்கும் சிக்கு வாடையும்தான் மிஞ்சும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை. ஆக்சிஜன் பற்றிக்கொள்ளப் போதிய இரட்டைப் பிணைப்பு அதில் இல்லை, எனவே அது எந்நாளும் காயாது. ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். மூலக்கூறுக்கு மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, எடை கூடி, பின்னிப் படலமாகும். காய்வது என்று நாம் சொல்வது இங்கே மெதுவாக எரிவதுதான். அந்த வெப்பம் மேசைப் பரப்பில் தெரியாது. எண்ணெய் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால் உள்ளே சேரும். 1991 பிப்ரவரி 23ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப் பலகைச் சுவர்களைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தாமாகவே பற்றிக்கொண்டன. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30ஆம் மாடியை எட்டியபோதுதான் தீ நின்றது. எண்ணெய்த் துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பெயிண்ட் அடிக்கவே கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். மாமரத்திலோ சரக்குப்பெட்டிப் பலகையிலோ செய்த சாதாரண அலமாரி, நல்ல நிறம் பூசினால் இன்னும் முப்பது ஆண்டு ஒரு வீட்டில் மரியாதையாக இருக்கும். பூசாவிட்டால் அடுப்புக்குப் போகும். பாலின் கேசீன் புரதத்தைச் சுண்ணாம்போடு கலந்து செய்யும் பால் பெயிண்ட் மிகப் பழைய நுட்பம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆனி ஸ்லோன் 1990இல் உருவாக்கிய சாக் பெயிண்ட், தேய்க்காத பரப்பிலும் பிடித்துக்கொள்ளும் குணத்தால் வீட்டில் பழுதுபார்ப்பவர்களிடம் பரவியது. தொடக்கத்திலிருந்தே வண்ணம் பூசப்பட்ட சாமான்களும் உண்டு. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் பூவேலைச் சீதனப் பெட்டிகளில் மரம் வெறும் தளம், வண்ணம்தான் பொருள். மரம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் அத்தகையவற்றைச் சுரண்டுவது, தேக்கின் மேல் எனாமல் அடிப்பதற்குச் சமமான அழிவு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வண்ணம் பூசிய பைன் மரச்சாமான்களை எரிசோடாத் தொட்டியில் முக்கியெடுத்தார்கள்; வண்ணத்தோடு பசையும் கரைந்து, மரம் பஞ்சுபோல் நார்விட்டது.

பூசுவதென்று முடிவெடுத்தால் ஒன்றே ஒன்று கேட்பேன். முதலில் அரக்கு ஒரு பூச்சு கொடுங்கள். மரத்தின் முண்டுகளும் கறைகளும் வண்ணத்தின் வழியே மேலே கசியாமல் அது தடுக்கும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் சாறு பெயிண்டைக் காயவிடாமல் செய்வதையும் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்த வண்ணத்தை விலக்க நினைத்தால் ஸ்பிரிட் நுழைய அடியில் ஒரு படலம் காத்திருக்கும்.

எங்கள் மேசைக்குப் பெயிண்ட் இல்லை. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டினார் ஆசாரி. வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் கரைப்பார். பல மாதம் வைத்த கரைசலில் அரக்கின் அமிலங்கள் ஆல்கஹாலோடு கூடி எஸ்டர்களாகிவிடும், பூசினால் ஒட்டிக்கொண்டே கிடக்கும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டுப் போடுவதுபோல் வளைத்து வளைத்துத் தேய்த்தார். ஒரு நாளைக்குச் சில பூச்சுகள்தான். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கையை வைக்கவே மறுத்துவிட்டார். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும், ஈரக்காற்று அதன் மேல் பனியாகப் படியும், மெருகு பால்போல் வெளுக்கும். மழை விட்டு வெயில் வந்தபின் தொடர்ந்தார். வெடிப்பை மூடவில்லை. பழைய தேக்கில் ஒரு மெல்லிய கீற்றுச் சீவி, ஒரு பக்கம் மட்டும் வஜ்ஜிரம் தொட்டுச் செருகினார்.

மெருகிடுவதற்கு முன் கறைகள் மிஞ்சியிருந்தன. ஆணிகள் இருந்த இடத்தில் கருப்பு வட்டங்கள், பேனாப் பள்ளத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்கறை. ஆக்சாலிக் அமிலக் கரைசல் இரண்டையும் வெளுத்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒன்றேதான். கடுக்காயின் டானினோடு அன்னபேதியின் இரும்பு சேர்ந்தால் கடுக்காய் மை. மரத்தின் டானினோடு ஆணியின் இரும்பு சேர்ந்தால் இந்த வட்டம். ஆக்சாலிக் அமிலம் இரும்பைக் கவ்விக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆணித் தடங்களின் மேல் ஆசாரி அமிலத்தைத் தூரிகையால் தொட்டார்; கருப்பு பழுப்பாகி, பழுப்பு மரத்தின் நிறமாகியது. நன்றாகத் தண்ணீரால் துடைத்தார். பிறகு தூரிகையை மைக்கறைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

“அது இருக்கட்டும் ஐயா” என்றேன்.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். மறுநாள் அந்தக் கறையின் மேலும் சேர்த்து அரக்கு பூசினார். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், மையில் இடக்கையின் ஓரம் பதிந்த கோடுகள் தெரிகின்றன.